நாலு எட்டுக்குள் கூப்பிடுவான்

பணம் மாற்றுகிற நாலாவது கடையின் பலகையிலும் ஏறக்குறைய அதே எண்தான், கடைசி இலக்கத்தில் மட்டும் ஒன்று கூடுதல். அந்த ஒன்றைப் பார்த்ததும் சென்னியப்பனுக்கு நெஞ்சில் சில்லென்று ஒரு சந்தோஷம் இறங்கியது. அது இறங்கி முடிப்பதற்குள் பின்னாலேயே ஒரு சந்தேகமும் வந்து நின்றது. இவனே இவ்வளவு தருகிறான் என்றால் அடுத்த தெருவில் இருப்பவன் இன்னும் கொஞ்சம் தரமாட்டானா. பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில், தமிழ்க் கடைகள் நிறைந்த இந்தத் தெருக்களில் அவர் காலையிலிருந்து இதே வேலையாக அலைகிறார். சட்டைக்குள் துணிப்பை, பைக்குள் டாலர் நோட்டுகள். மடிப்பு விழுந்தால் விலையைக் குறைப்பான் என்று கோயமுத்தூரிலிருந்து மார்போடு அணைத்தபடியே கொண்டுவந்த நோட்டுகள், இப்போது வியர்வையில் நமுத்துக்கொண்டிருந்தன. நமுத்த நோட்டுக்கும் குறைப்பானோ. டாலரை அவன் வாங்குகிற விலை இடப்பக்கம், விற்கிற விலை வலப்பக்கம். வலப்பக்கத்துப் பெரிய எண்ணைப் பார்த்து வாயைப் பிளக்கிறவன்தான் ஏமாறுவான். பெரிய நோட்டுக்கு ஒரு விலை, சின்ன நோட்டுக்கு ஒரு விலை. ஏர்போர்ட்டில் மாற்றவே கூடாது. கார்டைத் தேய்த்தால் ரூபாயா, மலேசிய ரிங்கிட்டா என்று மிஷின் கேட்கும், ரூபாய் என்று சொன்னால் தீர்ந்தது கதை. இதெல்லாம் ஒரு மாதமாக வீடியோ பார்த்துப் பாடம் பண்ணியவை. ஊரிலேயே ரிங்கிட் வாங்கினால் நஷ்டம், டாலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றினால்தான் லாபம் என்று கண்டுபிடித்தவரும் அவரேதான். அந்தக் கண்டுபிடிப்பின் பெருமை, எதற்காகப் பினாங்குக்குப் போகிறோம் என்பதையே ஒரு மாதம் மறக்கடித்தது. மறக்கடித்ததா, மறப்பதற்கு உதவியதா. மனைவி தெய்வானை முதல் தெருவில் புடவைக் கடை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள், காலடியில் இரண்டு பெட்டி. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். வெயில் உச்சியைத் தாண்டிச் சரிந்தாயிற்று. இந்தக் கடையில் மாற்றிவிடலாம். மாற்றிவிட்டால் போகவேண்டும். அடுத்த தெருவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டால் என்ன குறைந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால் மகள் வாணியின் வீடு ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிடு தூரம். காலையில் விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியாகத் தெரிந்த அடுக்குமாடிக் கட்டிடங்களில் ஏதோ ஒன்றுதான். நானே காரை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றுதான் அவளும் அம்மாவிடம் சொன்னாள். வேண்டாம், நாங்களே வந்துகொள்கிறோம் என்று சொல்லச் சொன்னது சென்னியப்பன். முதல் தடவை பேத்தியைப் பார்க்கப் போகிறேன், வெறுங்கையோடு போக முடியுமா, குழந்தை கையில் பணம் வைக்க வேண்டாமா, வைக்கிற பணம் அந்த ஊர்ப் பணமாக இருக்க வேண்டாமா, அதை ஏர்போர்ட்டில் மாற்றிக் கொள்ளை கொடுக்க முடியுமா. எல்லாக் கேள்வியும் நியாயமான கேள்விதான். ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் ஒரு ஓட்டை கிடையாது. ஏர்போர்ட் கவுண்ட்டரில் பஸ்ஸுக்கு மட்டும் ஒரே ஒரு சின்ன நோட்டை மாற்றிக்கொண்டு, மகள் வீட்டை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, பெட்டிகளோடு பஸ் ஏறி, தீவின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு வந்தாயிற்று. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தெய்வானை. மடியில் ஒப்புட்டு டப்பா. நேற்றுப் பூராவும் அடுப்படியில் நின்று தட்டிய போளி. வாணிக்குத் தேங்காய் போட்ட ஒப்புட்டு பிடிக்காது, பருப்புதான். அது இவருக்கு ஞாபகம் இருந்தது. நெய் சொட்டினால் விரலை நக்கிவிட்டு, பாவாடையில் துடைத்துவிட்டு, அப்பா பார்த்துவிட்டாரா என்று ஒரு திருட்டுப் பார்வை பார்ப்பாள். ஞாபகம் அதோடு நிற்கவேண்டும். அதற்கு மேல் போனால் ஆபத்து. அவர் கண்ணை பஸ்ஸுக்கு வெளியே ஓட்டி, மணி சேஞ்சர் என்று எழுதிய பலகைகளைத் தேட ஆரம்பித்தார்.

நாலாவது கடையில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாய்க்கு ராமநாதபுரத்துப் பக்கம், பேச்சிலேயே தெரிந்தது. குல்லாய், வெள்ளைச் சட்டை, நோட்டு எண்ணுகிற மிஷின், மிஷினுக்குப் பக்கத்தில் பாதி குடித்த தேநீர். சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மொத்தமாக மாற்றினால் எவ்வளவு சேர்த்துத் தருவீர்கள் என்று கேட்டார். "போர்டுல இருக்கறதுதாண்ணே. நூறுன்னாலும் அதே, ஆயிரம்னாலும் அதே" என்றார் பாய், நிமிராமல். "அப்பறம் மொத்தமா கொண்டாந்து குடுக்கறவனுக்கு என்னங்க மரியாதி?" "மரியாதைக்கு டீ சொல்றேண்ணே, ரேட்டு அதுதான்." இந்தப் பதிலில் சென்னியப்பனுக்கு ஒரு உற்சாகம் வந்தது, காலையிலிருந்து இல்லாத உற்சாகம். இதுவல்லவா பேச்சு. முப்பது வருஷம் பேசிய பேச்சு. "சரிங்க, அப்ப எனக்கு ஒத்து வராதுங்க" என்று சொல்லிவிட்டு, பையைத் தட்டிக்கொண்டு, திரும்பி நடந்தார். வேகமாக நடக்கக் கூடாது, அது கோபம் போலத் தெரியும். மெதுவாகவும் நடக்கக் கூடாது, அது ஆசை போலத் தெரியும். வேறு வேலை இருக்கிறவன் நடக்கிற நடை நடக்கவேண்டும். முதுகை நிமிர்த்தி, காதை மட்டும் பின்னால் விட்டுவிட்டு, ஒரு எட்டு, இரண்டு எட்டு. நாலு எட்டுக்குள் கூப்பிடுவான். கூப்பிட்டே ஆகவேண்டும். பின்னால் பாய் யாரோடோ மலாயில் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு வெள்ளைக்காரப் பெண் முதுகுச் சுமையோடு இவர் நின்ற இடத்தில் போய் நின்றிருந்தாள். சென்னியப்பன் ஐந்தாவது எட்டில் தடுமாறி, பூக்கட்டுகிற ஒருத்தியின் கூடையில் இடித்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துக்கொண்டார்.

ஒத்து வராதுங்க. வாயிலிருந்து அந்த வார்த்தை போன பிறகுதான் அது எங்கேயோ இன்னொரு தடவை சொன்ன வார்த்தை என்று உறுத்தியது. ஒரு தடவையா, ஆயிரம் தடவை. சிங்காநல்லூர்ப் பக்கம் நூற்பாலையில் அவர் பர்ச்சேஸ் ஆபீசர். மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு போல்ட் நட்டு உள்ளே வந்தது கிடையாது. மூன்றையும் மேஜையில் பரப்பி வைத்து, இருக்கிறதிலேயே குறைந்தவனைக் கூப்பிட்டு, உன்னுடையதுதான் அதிகம் என்று கூசாமல் சொல்வார். அவன் கெஞ்சுவான். இவர் ஒத்து வராதுங்க என்று எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, நாலு எட்டு நடப்பார். சார், சார், உட்காருங்க சார் என்று பின்னால் குரல் வரும். வராமல் இருந்ததே இல்லை. பேரிங் கடைக்காரர் வந்தார், பெல்ட் கடைக்காரர் வந்தார், அட்டைப்பெட்டி போடுகிற ஈரோட்டுக்காரர் படிக்கட்டு வரைக்கும் ஓடி வந்தார். இந்த வித்தையை அவர் மில்லோடு விட்டுவிட்டு வந்திருந்தால் பரவாயில்லை. கத்தரிக்காய்க்காரியிடம் நடந்தார், ஆட்டோக்காரனிடம் நடந்தார், வாணிக்குப் பார்த்த மாப்பிள்ளை வீடுகளில் கூட, மூன்று வீடு ஒரே சமயத்தில் பேசி வைத்துக்கொண்டு, ஒன்றைக் காட்டி ஒன்றிடம் நடந்தார். அந்தச் சமயத்தில்தான் அவள் போன் பண்ணினாள். பினாங்கில் கம்பெனியில் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தினகரன் என்று ஒருத்தர், இந்த ஊரிலேயே பிறந்தவர், பூட்டன் காலத்தில் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அம்மிணி, என்ன கூட்டம், என்ன குலம் என்று கேட்டார் இவர். எந்தக் கூட்டம், எந்த ஊர் என்று அவர்களுக்கே தெரியாதுப்பா என்றாள். கொட்டேஷனே இல்லாத சரக்கு. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது, அசிங்கமாக இருந்தாலும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும் அவர் ஒன்றும் ஒரேயடியாக முடியாது என்று சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அதற்குத்தான் வயிறு எரிகிறது. கல்யாணம் நம் குலதெய்வம் கோயிலில் நடக்கவேண்டும், அவன் நம் ஊருக்கு வந்து வேலை தேடவேண்டும், ஊரில் கேட்டால் இன்னார் என்று சொல்ல ஒரு பெயர் வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டார். மூன்றும் விட்டுக்கொடுக்கப் போட்டவை. யாராவது முதலில் கேட்ட விலையிலேயே நிற்பார்களா. அவள் இரண்டைக் குறைக்கச் சொல்லியிருந்தால் குறைத்திருப்பார், மூன்றையுமே கூட. அவளோ எதுவும் கேட்காமல், "முடியாதுப்பா" என்றாள். "அப்ப எனக்கு ஒத்து வராது" என்று போனை வைத்தார். வைத்துவிட்டு அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கூடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். அடித்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன். மறுநாளும் அடித்தது, கேபிள்காரன். அவள் கூப்பிடவே இல்லை. பெற்ற பெண்ணுக்கு அப்பனின் வழக்கம் தெரியாதா, இத்தனை வருஷம் கூடவே வளர்ந்தவளுக்கு, அப்பா நடக்கிறார் என்றால் கூப்பிடச் சொல்கிறார் என்று தெரியாதா. கல்யாணப் படம் தெய்வானையின் போனுக்கு வந்தது. அதில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்சம் குட்டை.

அடுத்த தெருவில் ஒரு கடை சாத்தியிருந்தது, இன்னொன்றில் எண் குறைவு. குறைவாக இருந்ததில் ஒரு நிம்மதி, இன்னும் தேடலாம். கசகசவென்று மசாலா வாடை, ஊதுபத்தி, எங்கிருந்தோ முறுக்குச் சுடுகிற எண்ணெய். பசித்தது. அங்கே இலை போட்டிருப்பாளா, தட்டா. என்ன சமைத்திருப்பாள். அவளுக்குச் சமைக்கவே வராது. போன வருஷம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வந்தாள், அவனுக்கு ஏதோ ஆபீஸ் வேலை. தெய்வானை அழுது அடம்பிடித்து இவரைக் காரில் கிளப்பினாள். ஓட்டல் வாசல் வரை போனார்கள். போய், அங்கே காரை நிறுத்த என்ன வாங்குகிறான் என்று விசாரித்தார். கொள்ளையாகச் சொன்னான். நீ மேலே போ, நான் வெளியே எங்கேயாவது நிறுத்திவிட்டு வருகிறேன் என்றார். வெளியே நிறுத்த இடம் தேடித் தேடி, ஒவ்வொரு தெருவாக, இங்கே வேண்டாம் அங்கே வேண்டாம் என்று சுற்றி, கடைசியில் ஊருக்குத் திரும்புகிற சாலையில், தாம்பரத்தைத் தாண்டித்தான் காரை நிறுத்தினார். தெய்வானை ராத்திரி பஸ்ஸில் தனியாக ஊருக்கு வந்து சேர்ந்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாளா என்றால் அதுவும் இல்லை. இந்தத் தடவை மட்டும், காலையில் விமானத்தில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே, முன் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இந்த வாட்டியும் அப்பா பாதியில திரும்பிட்டாருன்னா, அப்பறம் அவரு பேச்சையே எங்கிட்ட எடுக்காதேன்னு சொல்லிப்போட்டாளுங்க. அளுகல. சிரிச்சுக்கிட்டே சொன்னா." சிரித்துக்கொண்டே. அதுதான் இவரைப் பிடித்து ஆட்டுகிறது. அழுதிருந்தால், கத்தியிருந்தால், உன்னை மாதிரி அப்பன் உண்டா என்று நாலு வார்த்தை கேட்டிருந்தால், பேரம் இன்னும் நடக்கிறது என்று அர்த்தம். மரியாதையாகச் சிரிக்கிறாள் என்றால் கணக்கை முடித்துக் கடையைச் சாத்திவிட்டாள் என்று அர்த்தம். கதவைத் திறந்து, வாங்கப்பா, பயணமெல்லாம் சௌகரியமா, காபியா டீயா என்று கேட்பாள். சர்க்கரை போடலாமா என்று கேட்பாள். அவளுக்குத் தெரியாதா, போடலாமா கூடாதா என்று. விருந்தாளிக்குத் தருகிற டம்ளரில் தருவாள். குழந்தை கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கும், யாரும்மா இது என்று கேட்கும், அவள் என்ன சொல்வாள். தாத்தா என்பாளா. பாட்டியோடு வந்தவர் என்பாளா. இந்தக் கையில் ரிங்கிட்டை வைத்துக்கொண்டு இவர் நிற்பார், குழந்தை வாங்கிக்கொள்ளாமல் அம்மாவைப் பார்க்கும்.

கால் போன போக்கில் போய், நிமிர்ந்து பார்த்தால் முதல் கடைக்கு எதிரே நின்றிருந்தார். பூவும் புடவையும் பாத்திரமும் எல்லாம் பார்த்த தெருவாகவே இருந்தது. காலையில் பார்த்ததுமே, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் எவனாவது மாற்றுவானா என்று ஒதுக்கித் தள்ளிய கடை. இருக்கிறதிலேயே மோசமான ரேட். அதன் எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம், ஒரு தூணில் சாய்ந்துகொண்டு அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறோம் என்று தெரியவில்லை. வரிசையில் நிற்கவில்லை. அடுத்த கடைக்கும் போகவில்லை. பலகையில் விளக்கு எண்கள் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தன, ஆஸ்திரேலியா, ஜப்பான், தாய்லாந்து, எல்லா நாட்டுக்கும் ஒரு விலை. இந்த அத்தனை கடைக்கும் வித்தியாசம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு தோசை விலை வராது. அது அவருக்குக் காலையிலேயே தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தெரியும். ஏன், ஊரில் வீடியோ பார்க்கும்போதே தெரியும். மனுஷனுக்கு பயம். வேறொன்றும் இல்லை. அறுபது தாண்டி, பல்லு ஆடி, பெண்ணைப் பார்க்க பயம். பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது, எந்தக் கவுண்ட்டரில். அவர் சட்டைக்குள் கைவிட்டு நோட்டுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஏனுங்க."

தெய்வானை பக்கத்தில் நின்றிருந்தாள். பெட்டிகள் இல்லை, தோளில் பை மட்டும். முகத்தில் பவுடர் போட்டுப் பொட்டைத் திருத்தியிருந்தாள். கையில் புது நோட்டுகள், நீலத்தில் ஒன்றும் சிவப்பில் இரண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று, வழியில் களவு போனால் ஆகுமென்று, அவளுடைய பையில் இவரே டாலர் நோட்டு ஒன்றைத் திணித்து வைத்தது ஞாபகம் வந்தது.

"மாத்திப்போட்டனுங்க. பாப்பா கையில வெக்க இது போதும்."

"எங்க மாத்துன?"

அவள் சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அதே கடை. சென்னியப்பனுக்கு வாய் திறந்தது. முப்பது வருஷப் பழக்கம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"கேக்கலீங்க" என்றாள் தெய்வானை, அவர் கேட்பதற்கு முன்னாலேயே. "நோட்டை நீட்டுனேன், குடுத்தான், வாங்கிக்கிட்டேன். புடவக் கடப் புள்ள அது போன்லயே ஒரு காரு வரச் சொல்லிக் குடுத்துச்சு. பொட்டியெல்லாம் ஏத்தியாச்சு. அவ ரெண்டு வாட்டி போன் பண்ணிப்போட்டா. சோத்தை மூடி வெச்சிருக்கறாளாமா."

புடவைக் கடை ஓரத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது, இந்தப் பக்கத்து விளக்கு மின்னியபடி. ஓட்டுகிறவன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தாம்பரம், தாம்பரம் என்று சென்னியப்பனுக்கு எங்கேயோ உள்ளே ஒரு சத்தம்.

"நீ போ புள்ள" என்றார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "இத்தன டாலரு கையில கெடக்குது, மாத்தாம எப்படி. நல்ல கட ஒண்ணு பாத்து வெச்சிருக்கறேன். மாத்திப்போட்டு சாயங்காலமா வாரேன். இன்னைக்கு எனக்கு ஒத்து வராது."

அவள் அவர் முகத்தை ஒரு முறை பார்த்தாள். கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. சரிங்க என்றாள்.

அவர் திரும்பி நடந்தார். வேறு வேலை இருக்கிறவன் நடக்கிற நடை. முதுகை நிமிர்த்தி, காதைப் பின்னால் விட்டு. ஒரு எட்டு. கூப்பிடுவாள், இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், வேண்டாமுங்க வாங்க என்று கையைப் பிடித்து இழுப்பாள், இழுத்தால் போவதாகத்தான் இருந்தார், அவள் இழுத்தாள் என்று போனால் அங்கே கதவுக்கு முன்னால் நிற்பது கொஞ்சம் சுலபம், அவள் இழுத்துக்கொண்டு வந்தாள் என்று முகத்தை வைத்துக்கொள்ளலாம். இரண்டு எட்டு. ஏதோ பாட்டுக் கடையிலிருந்து மேளம் காதை அடைத்தது, அதில் அவள் குரல் கேட்காமல் போயிருக்குமோ என்று நடையைத் தளர்த்தினார். மூன்று. செருப்புச் சத்தம் ஒன்று தன்னை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்று தெரியவில்லை. வாணியும் இப்படித்தானே, அன்றைக்குப் போனுக்கு அந்தப் பக்கம், இந்த ஊரில், இதே வெயிலில், அப்பா திரும்பக் கூப்பிடுவார் என்று கையில் போனை வைத்துக்கொண்டு நின்றிருப்பாளோ. நடந்து போனவன் நான். கூப்பிட வேண்டியது நான்தானோ. இத்தனை வருஷத்தில் இந்தக் கோணத்தில் அவருக்கு ஒரு தடவை கூடத் தோன்றியதில்லை. விற்கிறவன்தான் கூப்பிட வேண்டும் என்று யார் சொன்னது. நாலு. பின்னால் யாரும் கூப்பிடவில்லை.

திரும்பினார். தெய்வானை சாலையைக் கடந்து காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். ஒப்புட்டு டப்பாவை முதலில் உள்ளே வைத்தாள், பிறகு சேலையைக் கூட்டிப் பிடித்தாள். இவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் ஆயுசில் யாரையும் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை, அதற்கு எவ்வளவு சத்தம் வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. தேவைக்கு மேலேயே வந்துவிட்டது.

"தெய்வானெ!"

கம்பிக்குப் பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பூக்காரி பார்த்தாள். சட்டைக்குள் துணிப்பை ஆடியது, நோட்டு கசங்கியது, இரண்டு பக்கமும் பார்க்காமல் அவர் சாலையில் இறங்கினார், ஒரு மோட்டார் சைக்கிள்காரன் மலாயில் எதையோ திட்டிவிட்டு ஒதுங்கிப் போனான்.

"இரு புள்ள. நானும் வாரேன். இரு."

தெய்வானை உள்ளே ஏறி, டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை.